கடை மெனுப் பலகையில் 300 கலோரிதான் போட்டிருக்கிறது, அப்புறம் ஏன் பிரஷர் ஏறுகிறது?

நெடுஞ்சாலை75:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் ஆலனில் இருக்கிறேன், வயது 43. ஆபீஸ் டவுன்டவுனில். காலை ஆறே காலுக்குக் கிளம்பினால்தான் நெரிசலில் மாட்டாமல் போய்ச் சேர முடியும். மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, நான் கிளம்பும்போது ஒன்று அவர் வீட்டில் இருக்கமாட்டார், இல்லை அப்போதுதான் வந்து படுத்திருப்பார். அதனால் மூன்று வருடமாக என் காலைச் சாப்பாடு டிரைவ்-த்ரூவில்தான் (காரில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போகும் கடை). கடையின் பெயர் வேண்டாம், எல்லா எக்ஸிட்டிலும் இருக்கிற மாதிரிக் கடைதான்.

தினமும் ஒரே ஆர்டர். முட்டை, ஹாம், சீஸ் வைத்த மஃபின் சாண்ட்விச் ஒன்று, ஹாஷ் பிரவுன் (பொரித்த உருளைக்கிழங்கு) ஒன்று, மீடியம் வெனிலா ஐஸ் காபி. சாண்ட்விச்சை முதல் சிக்னலில் பிரித்தால் மூன்றாவது சிக்னலுக்குள் முடிந்துவிடும். ஹாஷ் பிரவுனுக்கு இரண்டு கெட்சப் பாக்கெட். நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற ஆள் இல்லை. பலகையில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். சாண்ட்விச் 300 சொச்சம், ஹாஷ் பிரவுன் 140 சொச்சம், காபி 200க்குள். எல்லாம் சேர்த்தாலும் 650 தாண்டாது. ஒரு நாளைக்கு 2000 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எடையும் மூன்று வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் போன மாதம் வருடாந்திர செக்கப்புக்குப் போனால் பிரஷர் 142/90. பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடியும் எடுத்தார்கள், 140/90. ஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.9. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். சொன்னேன். சோடியத்தை, அதாவது உப்பைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், குறையவில்லை என்றால் மாத்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரிடம் இருந்தது பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டில் ஊறுகாய், அப்பளம் எல்லாம் எப்போதோ நிறுத்தியாச்சு. சாம்பாரில்கூட மனைவி உப்பைக் குறைத்துத்தான் போடுகிறார், எங்கள் அப்பா வந்திருந்தபோது சப்பென்று இருக்கிறது என்று வருத்தப்பட்டார். அப்படியிருந்தும் இது எங்கிருந்து வருகிறது? அந்தக் கலோரி கணக்கே தப்பா? இந்தக் கடைகளில் ஓட்மீல் இருக்கிறதே, அதற்கு மாறினால் சரியாகுமா? முற்றிலும் நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேறு வழியில்லை.

---

கடற்கரைக்காற்று:

கலோரி கணக்கு தப்பாக இருக்காது, ஆனால் நீங்கள் பார்க்கவேண்டிய எண் அதுவே இல்லை. பலகையை விட்டுவிட்டு அந்தக் கடையின் ஆப்பைத் திறந்து, சாண்ட்விச்சின் பெயரைத் தட்டி, கீழே சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். எனக்கும் ஆறு வருடம் முன்னால் இதே கதைதான், 39 வயதில் மாத்திரை ஆரம்பித்தேன். மற்றதை நம் சத்துக்கணக்கு அக்கா வந்து விளக்குவார்கள், அவர்களுக்கு இதுதான் தொழில்.

---

சத்துக்கணக்கு:

வந்துவிட்டேன். நான் பதிவு பெற்ற டயட்டீஷியன், என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பலகை. 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் இருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட்டே ஆகவேண்டும் என்பது 2010 சுகாதாரச் சட்டத்தோடு வந்த விதி. நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 2018 மே 7 அன்று. நியூயார்க் நகரம் மட்டும் பத்து வருடம் முன்னதாக 2008லேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் பலகையில் கட்டாயம் கலோரி ஒன்றுதான். சோடியம், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் எல்லாம் கேட்டால் எழுத்தில் தரவேண்டும் என்றுதான் விதி. டிரைவ்-த்ரூ வரிசையில் பின்னால் ஏழு கார் நிற்கும்போது யார் கேட்பார்கள்? ஆக, மூன்று வருடமாக நீங்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறீர்கள், உங்கள் கண்ணில் காட்டப்பட்ட ஒரே எண்ணை வைத்துக்கொண்டு.

கடை பெயர் நீங்கள் சொல்லவில்லை, அதனால் எல்லாருக்கும் தெரிந்த, கணக்கு பொதுவில் இருக்கிற எக் மெக்மஃபினையே எடுத்துக்கொள்கிறேன். இந்த வகை சாண்ட்விச்சுக்கெல்லாம் முன்னோடி அதுதான். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஹெர்ப் பீட்டர்சன் என்ற மெக்டொனால்ட்ஸ் கிளை உரிமையாளர் உருவாக்கியது. அமெரிக்கக் கடைகளில் ஒன்றுக்கு 310 கலோரி, புரதம் 17 கிராம், கொழுப்பு 13 கிராம், மாவுச்சத்து 30 கிராம். இதுவரை பார்த்தால் நல்ல காலைச் சாப்பாடு என்றே நான் சொல்வேன். 17 கிராம் புரதம் காலையில் கிடைப்பது நம் ஆட்களில் பலருக்கு அபூர்வம். அடுத்த வரிதான் பிரச்சினை. சோடியம் 770 மில்லிகிராம்.

அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். முட்டையில் இயற்கையாகவே 70 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும், அதன் மேல் நம் வீட்டில் தூவுகிற உப்புகூட ஒரு சிட்டிகைதான். மீதி மூன்று இடத்தில் இருக்கிறது: மஃபின் ரொட்டி, சீஸ், ஹாம். ரொட்டியில் உப்பு தெரியவே தெரியாது, ஆனால் 200க்கு மேல் இருக்கும். ஒரு துண்டு அமெரிக்கன் சீஸில் இன்னொரு 200க்கு மேல். உப்பில் ஊறவைத்த பன்றி இறைச்சியும் அப்படியே. எதுவுமே நாக்குக்கு உப்பாகத் தெரியாது என்பதுதான் விஷயம். அப்பளத்தில் உப்பு இருப்பது வாயில் வைத்தவுடன் தெரிகிறது, நிறுத்திவிடுகிறோம். ரொட்டியைச் சந்தேகப்படத் தோன்றுவதில்லை.

இப்போது உங்கள் ஆர்டரைக் கூட்டுங்கள். சாண்ட்விச் 770, ஹாஷ் பிரவுன் 300க்குக் கொஞ்சம் மேல், கெட்சப் பாக்கெட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 100, இரண்டுக்கு 200. மொத்தம் 1280க்குப் பக்கம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2300க்குள் இருக்கவேண்டும் என்பது இங்குள்ள அரசு வழிகாட்டல். அமெரிக்க இதய சங்கம் 1500 இருந்தால்தான் உத்தமம் என்கிறது, அதுவும் பிரஷர் உள்ளவர்களுக்கு. காலை ஏழு மணிக்குள், காரை விட்டு இறங்குவதற்கு முன்பே, அந்த 1500ல் பெரும்பகுதியை முடித்துவிடுகிறீர்கள். சமையலறைக் கணக்கில் சொன்னால் ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அரை டீஸ்பூனுக்கு மேல் உப்பு உங்கள் காலைச் சாப்பாட்டில் மட்டும். உங்கள் மனைவி சாம்பாரில் குறைத்தது கால் டீஸ்பூன் இருந்தால் அதிகம், அதுவும் நான்கு பேர் சாப்பிடும் சட்டியில். பாவம், அவர் செய்த நல்லதெல்லாம் டோல்வே தாண்டுவதற்குள் போய்விடுகிறது.

இதைவிட மோசமானதும் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு மாநிலங்களில் இருப்பவர்கள் மஃபினுக்குப் பதிலாக பிஸ்கட் என்று கேட்பார்களே (நம் மேரி பிஸ்கட் இல்லை, வெண்ணெய் போட்ட உதிரி ரொட்டி), அதில் முட்டையும் இறைச்சியும் வைத்தால் ஒன்றே 1000 மில்லிகிராமைத் தாண்டும். உப்பு மட்டும் காரணம் இல்லை, அந்த மாவை உப்பவைக்கப் போடும் பேக்கிங் சோடாவிலும் இருப்பது சோடியம்தான். ஹாட்கேக்குடன் சேர்ந்த பெரிய பிரேக்ஃபாஸ்ட் தட்டு 1300 கலோரிக்கு மேல், சோடியம் 2000க்கு மேல். நியூயார்க் நகரத்தில் 2015 டிசம்பரிலிருந்து ஒரே பண்டத்தில் 2300 மில்லிகிராம் சோடியம் இருந்தால் மெனுவில் உப்புக்குடுவை படம் போட்ட எச்சரிக்கை வைக்கவேண்டும். அந்தத் தட்டுகூட 2300க்குக் கீழே இருப்பதால் அந்தப் படம் வராது. ஒரு நாள் அளவு முழுவதும் ஒரே தட்டில் இருந்தால்தான் எச்சரிக்கை என்பது எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம், அதைப் பாதியாக வைத்திருக்கவேண்டும்.

அடுத்தது ஏ1சி. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, நீங்கள் அதற்குள் நுழைந்துவிட்டீர்கள். இதற்கு சாண்ட்விச்சைவிட அந்த வெனிலா காபியைத்தான் நான் குறை சொல்வேன். காபிக் கடைகளில் சிரப் ஒரு பம்ப் என்றால் சுமார் 5 கிராம் சர்க்கரை. நடுத்தர அளவுக்கு நான்கு பம்ப், அதுவே 20 கிராம். பாலில் இயற்கையாக இருப்பதையும் சேர்த்தால் ஸ்டார்பக்ஸ் கிராண்டே (நடுத்தர அளவு) வெனிலா லாட்டே ஒன்றில் 35 கிராம் வருகிறது. ஐஸ் போட்டிருப்பதால் தித்திப்பு குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை 36 கிராம், பெண்களுக்கு 25 கிராம் என்பது இதய சங்கம் வைத்திருக்கும் எல்லை.

எடை ஏறவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 23லிருந்தே சர்க்கரை சோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015லேயே சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு அது 25. நம் உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிச் சேர்த்துவைக்கும்.

ஓட்மீல் கேட்டீர்கள். மெக்டொனால்ட்ஸில் பழமும் மேப்பிளும் போட்ட ஓட்மீல் 320 கலோரி, சோடியம் 150 சொச்சம்தான், பிரஷருக்கு அருமை. ஆனால் சர்க்கரை 30 கிராமுக்குப் பக்கம், புரதம் 6 கிராம்தான். பிரவுன் சுகர் வேண்டாம் என்று சொல்லி வாங்கினால் சர்க்கரை நன்றாகக் குறையும், மீதி இருப்பது பெரும்பாலும் திராட்சையும் ஆப்பிளும். அப்படி வாங்கி, வீட்டிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்துப் போனால் நான் குறை சொல்லமாட்டேன்.

---

மயிலைமாமி_நியூஜெர்சி:

சத்துக்கணக்கு சொன்னதெல்லாம் சரி. நான் சைவம், முட்டையும் இல்லை. அதனால் என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் பல சைவக்காரர்கள் சரி, ஹாஷ் பிரவுன் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று தோன்றும். அமெரிக்க மெக்டொனால்ட்ஸின் பொருட்பட்டியலில் ஃப்ரைஸுக்கும் ஹாஷ் பிரவுனுக்கும் மாட்டிறைச்சிச் சுவையூட்டி என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், அதில் கோதுமையும் பாலும் சார்ந்த பொருள்கள் உண்டு என்றும்.

இது பழைய கதை. 1990ல் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதை நிறுத்தி, முழுவதும் தாவர எண்ணெய் என்று அறிவித்தார்கள். நம் ஆட்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். சுவைக்காக மாட்டிறைச்சிச் சாறு தொடர்ந்து சேர்க்கப்பட்டது பிறகுதான் தெரிய வந்தது. 2001ல் சியாட்டிலில் இந்திய வம்சாவளி வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போட்டார், 2002ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ அமைப்புகள் உட்படப் பலருக்குமாக ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்போது எங்கள் கோயிலில் வேறு பேச்சே இல்லை. வருடக் கணக்காகக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்த அம்மாக்கள் பிரகாரத்தில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் ஆகிவிட்டது, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது, அதனால்தான் எங்கே பேச்சு வந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உள்ள கடைகளில் மாட்டிறைச்சியே கிடையாது, அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து வாங்கிவிடுவார்கள்.

கொழுப்பு, உப்பு மட்டும் பார்த்தால் போதாது, பொருட்பட்டியலையும் படியுங்கள். அதுவும் அதே ஆப்பில்தான் இருக்கிறது.

---

இட்லிப்பானை:

இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மாவை ஆட்டி வைத்தால் வியாழன் வரை வரும். ஐந்து மணிக்கு எழுந்தால் பத்து நிமிஷத்தில் இட்லி. பொடி தடவிய இட்லி நான்கு, டப்பாவில் போட்டுக்கொண்டு காரில் சாப்பிடலாம். எண்ணெய் இல்லை, சீஸ் இல்லை, ஆவியில் வெந்தது. நம் முன்னோர் சாப்பிட்டதைவிட இந்த மஃபின் எதில் ஒசத்தி?

---

கணக்குவாத்தியார்_ஆஸ்டின்:

அண்ணா, இட்லி எனக்கும் பிடிக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாறச் சொல்லாதீர்கள். எனக்கு எட்டு வருடமாக சுகர், விரலில் குத்திப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து, புரதம் 2 கிராம். நான்கு இட்லி என்றால் 50 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம். அந்த மஃபினில் 30 கிராம் மாவுச்சத்து, 17 கிராம் புரதம். ஏ1சியை மட்டும் வைத்துப் பார்த்தால் மஃபின்தான் ஜெயிக்கிறது, சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் 190 தொடும். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டி சாம்பார், ஒரு முட்டை என்றால் 140க்குள் நிற்கும்.

உப்பும் அப்படித்தான். வீட்டு மாவில் உப்பு எவ்வளவு என்று யாராவது அளந்திருக்கிறோமா? கையால் அள்ளிப் போடுகிறோம், அப்புறம் பொடியில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு. கடையில் விற்கிற இட்லிப்பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் ஊர் ஹோட்டல் பொங்கல் வடையைப் பற்றிப் பேசவே வேண்டாம், நெய் மினுமினுக்கும் பொங்கலில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அங்கே பலகைகூட இல்லை. இங்குள்ள கடையில் குறைந்தபட்சம் கேட்டால் எண் கிடைக்கிறது.

வீட்டுச் சமையலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, அளவு நம் கையில் இருக்கிறது என்பதில். அளந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். மாவுக்கு ஒரு டீஸ்பூன் என்று கரண்டியால் போட்டுப் பழகிவிட்டால் எத்தனை இட்லிக்கு எவ்வளவு என்று சுலபமாக வகுத்துவிடலாம்.

---

இட்லிப்பானை:

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாம்பாரை நான் சேர்க்காமல் விட்டுவிட்டேன், பருப்பு இல்லாமல் இட்லியைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனாலும் ஒன்று சொல்வேன். இட்லியில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருக்குமோ என்று யாரும் பட்டியல் படிக்கவேண்டாம்.

---

கிரில்பையன்02:

அங்கிள், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ், தப்பு இருந்தால் மன்னிக்கவும். ஹைஸ்கூல் படிக்கும்போது இரண்டு கோடை விடுமுறை ஒரு கடையில் காலை ஷிஃப்ட் கிரில்லில் நின்றிருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், ஆர்டர் செய்ய உதவும்.

முட்டையில் வகை இருக்கிறது. வட்ட வளையத்துக்குள் ஊற்றி வேகவைப்பது உடைத்த முட்டை. நான்தான் உடைத்து ஊற்றுவேன், மஞ்சள் கருவைக் குத்திவிட்டு மூடியைப் போடுவோம், மூடியின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் ஆவியில் வெந்துவிடும். மடித்த செவ்வக முட்டை அப்படி இல்லை, அது ஏற்கனவே வேகவைத்து உறைய வைத்துப் பெட்டியில் வருவது, நாங்கள் சூடு மட்டும்தான் செய்வோம். பிஸ்கட், பேகல் சாண்ட்விச்சுகளில் பெரும்பாலும் இதுதான் வரும். "ரவுண்ட் எக்" என்று கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள், நாங்கள் யாரையும் இல்லை என்று சொன்னதில்லை.

சீஸ் வேண்டாம், ஹாம் வேண்டாம், இன்னொரு ரவுண்ட் எக் போடு என்றால் பில்லில் கொஞ்சம் கூடும், ஆனால் இது ரொம்ப சாதாரண ஆர்டர். மாவுச்சத்தைத் தவிர்க்கும் கெட்டோ ஆட்கள் ரொட்டியே வேண்டாம் என்று டப்பாவில் முட்டை மட்டும் வாங்குவார்கள். மஃபினுக்கு வெண்ணெய் தடவுவோம், அதையும் வேண்டாம் எனலாம். ஆப்பில் ஆர்டர் செய்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட முடியும். நிறைய கடைகளின் ஆப்பில் எடுக்க எடுக்கக் கலோரியும் மாறும், வரிசையில் நின்று மைக்கில் கத்தவேண்டியதில்லை.

காபியில் சிரப் எத்தனை பம்ப் என்று கடைசி நேரத்தில்கூட மாற்றலாம். நான்குக்குப் பதில் ஒன்று என்று சொல்லுங்கள். எங்கள் கடையில் மெஷின் பட்டனில்தான் எல்லாம், ஒரே ஒரு பட்டன் மாற்றி அழுத்தவேண்டும், யாருக்கும் கஷ்டம் இல்லை.

ஹாஷ் பிரவுனுக்கு மட்டும் எதுவும் செய்யமுடியாது. முன்பே உப்பு சேர்த்துத்தான் உறைந்து வரும். ஃப்ரைஸ் மாதிரி உப்பு போடாமல் கொடு என்று கேட்கமுடியாது.

---

சத்துக்கணக்கு:

கிரில்பையன், உன் தமிழில் ஒரு தப்பும் இல்லை. நீ எழுதியது நான் எழுதியதைவிடப் பயனுள்ளது, இதை என்னிடம் வருபவர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நெடுஞ்சாலை, அவன் சொன்னபடி சீஸும் ஹாமும் எடுத்துவிட்டு இரண்டு முட்டையாக வாங்கினால் சோடியம் பாதிக்குப் பக்கம் இறங்கும், புரதமும் பெரிதாகக் குறையாது. ஹாஷ் பிரவுனும் கெட்சப்பும் இல்லை என்றால் இன்னொரு 500 மிச்சம். கொலஸ்ட்ரால் அதிகம் என்றால் இரண்டு முட்டை தினமும் வேண்டாம், ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யாராவது உங்களுக்கு லோ சோடியம் உப்பு வாங்கச் சொல்வார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ, சில வகை பிரஷர் மாத்திரைகள் எடுத்தாலோ, அது ஆபத்தாகலாம். டாக்டரிடம் கேட்காமல் வாங்கவேண்டாம்.

கணக்குவாத்தியார் அளந்து பார்ப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த 190, 140 எல்லாம் அவருடைய உடம்புக்கு. ஒரே இட்லி இரண்டு பேருக்கு இரண்டு மாதிரி ஏற்றும்.

---

நெடுஞ்சாலை75:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக அக்காவுக்கும் கிரில்பையன் தம்பிக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு இரவே கடையின் ஆப்பைத் திறந்து என் ஆர்டரை மனைவியோடு உட்கார்ந்து கூட்டினேன். அக்கா சொன்ன 1280 இல்லை, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் உப்பு ஜாடியையும் டீஸ்பூனையும் கொண்டுவந்து, அரை டீஸ்பூனுக்கு மேல் ஒரு சாஸரில் கொட்டிக் காட்டினார். ஒரு வெள்ளைக் குவியல். மூன்று வருடம், வாரத்துக்கு ஐந்து நாள். அதைப் பார்த்தபிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது திங்கள், புதன், வெள்ளி வீட்டிலிருந்து. ஞாயிறு இரவு ஆறு முட்டை அவித்துத் தோல் உரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், இரவே ஓட்ஸை மோரில் ஊறப்போட்டு, காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டுக் கலந்தால் தயிர் சாதம் மாதிரியே இருக்கிறது. உப்பு அளந்து கால் டீஸ்பூனில் பாதி. ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு ஸ்பூனால் சாப்பிடுகிறேன். சிக்னலில் சாப்பிட முடியாது என்பதாலேயே மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், வியாழன் கடைதான். மஃபினில் இரண்டு ரவுண்ட் எக், சீஸ் இல்லை, ஹாம் இல்லை. என் எல்டிஎல் 118, வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் பரவாயில்லை என்று டாக்டரின் நர்ஸ் மெசேஜ் அனுப்பினார். முதல் வாரம் வாயில் ருசியே இல்லை, மிளகுத்தூள் பாக்கெட் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டேன். காபி பால் மட்டும், சிரப் இல்லை. முதலில் ஒரு பம்ப் என்று ஆரம்பித்து, இப்போது அதுவும் இல்லை. ஹாஷ் பிரவுன் விட்டாயிற்று, அதைத்தான் விடக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சின்னக் காகித உறையில் எண்ணெய் ஊறி விரல் தெரியுமே, அந்தச் சூடு இன்னும் நினைவுக்கு வருகிறது.

கையில் மாட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் எடுத்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். முதல் வாரம் 141, 139, 143 என்று இருந்தது. இந்த வாரம் 134, 136, 133. கீழ் எண் இன்னும் 86க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

அக்கா, ஒரு கேள்வி. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கும் சாண்ட்விச் ரொட்டி பாக்கெட்டை நேற்று திருப்பிப் பார்த்தேன், ஒரு துண்டுக்கு சோடியம் 160 போட்டிருக்கிறது. பையன் தினமும் நான்கு துண்டு சாப்பிடுகிறான், ஒன்பது வயது. இதில் எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

---

சத்துக்கணக்கு:

ஒன்பது வயதுக்கு ஒரு நாள் எல்லை 1800, நான்கு துண்டிலேயே 640 போகிறது. ஒரு துண்டுக்கு 100க்குள் இருப்பதைத் தேடுங்கள், தேடினால் கிடைக்கும். ரொட்டியோடு என்ன வைத்துக் கொடுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள், அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். 134 நல்ல செய்தி. நோட்டை டாக்டரிடம் எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள்.